விலையுயர்ந்த ஸ்பீக்கரும் அப்பாவின் காதும்

(இணையவழி இலக்கியச் சந்திப்பில் நேரலையாக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த நிகழ்வில் வழக்கமாகக் கவிதை, நாவல், மொழிபெயர்ப்பு பற்றிப் பேசுவார்கள். நான் ஸ்பீக்கர் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் ஒருங்கிணைப்பாளர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “கேட்பது பற்றித்தானே, பேசுங்கள்” என்றார். கேட்பது பற்றித்தான். வள்ளுவரும் கல்வி, கல்லாமை என்ற இரண்டு அதிகாரங்களுக்கு அடுத்தபடியாக, 42ஆவது அதிகாரமாகக் ‘கேள்வி’யை வைத்திருக்கிறார். ஆகவே நான் முழுக்கத் தடம் மாறிவிடவில்லை என்று நினைக்கிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பொறியாளர் இல்லை. நர்சிங் டிப்ளமோ படித்துவிட்டு இருபது வருடங்களுக்கு மேலாக வார்டுகளில் வேலை பார்ப்பவள். அதில் பெரும்பகுதி அயர்லாந்தில். ஸ்பீக்கரைப் பற்றி நான் படிக்க நேர்ந்ததற்குக் காரணம் என் அப்பா.

அப்பா நாகர்கோவில் பக்கத்து ஆலயம் ஒன்றில் முப்பது வருடங்களுக்கு மேல் பாடகர் குழுவை நடத்தியவர். குழுவில் அவர் பேஸ், அம்மா ஆல்டோ. வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளும் பாடுவார்கள், நான்கு குரலில் பாமாலைப் பாட்டுகளும் பாடுவார்கள். குழுவில் இருபது பேர் பாடினால், யார் அரைச் சுரம் இறங்கினார்கள் என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவார். அம்மா இறந்த மறுவருடம் மூன்று மாத விசாவில் எங்களிடம் வந்தார். பெட்டியில் துணிகளுக்கு நடுவே ஒரு பழைய கேசட் இருந்தது. 1991 கிறிஸ்துமஸ் ஆராதனையில் பதிவு செய்தது. அம்மா பாடிய பதிவு என்று எங்களிடம் இருப்பது அது ஒன்றுதான்.

அப்பா நன்றாகக் கேட்க வேண்டும் என்று நானும் கணவரும் ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கினோம். அதற்கேற்ற ஆம்ப்ளிஃபயரும் சேர்த்து ஏறக்குறைய 2,800 யூரோ. என் கணக்கில் அது ஒரு குளிர்காலம் முழுக்கச் செய்த கூடுதல் இரவுப் பணி. கேசட்டைக் கணினியில் ஏற்றி, அப்பாவை ஜன்னலோர நாற்காலியில் உட்காரவைத்து, பாட்டைப் போட்டோம்.

அப்பா இரண்டு பாட்டு கேட்டார். பிறகு மூன்று விஷயம் சொன்னார்.

“மக்ளே, பேஸ்காரன் ஒரு சுரத்தில கெடந்து அலறுகான். அடுத்த சுரத்தில ஆளையே காணல்ல.” இது ஒன்று. “வார்த்தை ஒண்ணும் தெளியல்ல.” இது இரண்டு. மூன்றாவது, “நம்ம வீட்டு டேப்பில இதவிட நல்லா கேக்குமே.”

வீட்டு டேப் என்று அவர் சொன்னது, ஊரில் சமையலறை அலமாரியில் இருக்கும் ஒற்றை ஸ்பீக்கர் டூ-இன்-ஒன். கணவர் அடுக்களையில் வந்து மெதுவாக, “மாமாவுக்கு வயசாயிட்டு, காது கேக்கல்ல போல” என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு வாரம் அப்படியே போனது.

எனக்கு நர்சிங்கில் முதலில் சொல்லிக்கொடுத்த பாடங்களில் ஒன்று இது: நோயாளி வலிக்கிறது என்று சொன்னால், வலிக்கிறது. மானிட்டரில் எண்கள் சரியாக இருக்கின்றன என்பதால் அவர் இல்லாததைச் சொல்கிறார் என்று ஆகாது. முதலில் நம்ப வேண்டும், பிறகு காரணம் தேட வேண்டும். வார்டில் தினமும் செய்வதை வீட்டில் செய்யாமல் விட்டிருந்தேன். சரி, அப்பா சொன்ன மூன்றும் உண்மை என்று வைத்துக்கொண்டு தேடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதல் புகாரை எடுத்துக்கொள்வோம். ஒரு சுரம் அலறுகிறது, அடுத்தது காணாமல் போகிறது.

குளியலறையில் பாடும்போது ஒரு குறிப்பிட்ட சுரம் வந்ததும் அறையே சேர்ந்து முழங்கும், இல்லையா? எல்லா அறைக்கும் அப்படிப்பட்ட சுரங்கள் உண்டு. ஒலி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர், அதாவது 1125 அடி போகிறது. எங்கள் வரவேற்பறை 14 அடி நீளம். ஒலி ஒரு சுவரில் பட்டு எதிர்ச் சுவருக்குப் போய்த் திரும்பிவர 28 அடி. 1125ஐ 28ஆல் வகுத்தால் 40 வரும். நொடிக்கு 40 அதிர்வு உள்ள சுரம் அந்த அறையில் தன்மேல் தானே ஏறிப் பெருகும். அதன் இரண்டு மடங்கான 80ம் அப்படியே. 11 அடி அகலத்துக்கு 51, 8 அடி உயரத்துக்கு 70. இவைதான் எங்கள் அறையின் சொந்தச் சுரங்கள். ஸ்பீக்கர் எவ்வளவு விலையானாலும் இவை மாறாது.

ஆண் பேஸ் குரல் நன்றாக இறங்கும்போது தொடும் இடம் சுமார் 82. எங்கள் அறையின் 80க்குப் பக்கத்தில் அது வருகிறது. ஆகவே அங்கே அலறல். அதிலிருந்து ஒன்றிரண்டு சுரம் மேலே போனால் அறையின் உதவி கிடையாது, குரல் மெலிந்துவிடும். பாடியவர் ஒரே அளவில்தான் பாடியிருக்கிறார், ஏற்றியதும் இறக்கியதும் எங்கள் சுவர்கள். அப்பா சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி.

அப்படியானால் ஊரில் ஆலயத்தில் ஏன் இந்தத் தொல்லை இல்லை? 80 அடி நீளமுள்ள கட்டடத்தில் அந்த முதல் சுரம் வெறும் 7 அதிர்வு. மனிதக் காது கேட்பது சுமார் 20க்கு மேல்தான். பாடும் சுரங்களுக்கு வருவதற்குள் அந்தக் கட்டடத்தின் சொந்தச் சுரங்கள் நூற்றுக்கணக்கில் நெருக்கியடித்து நிற்கும். கூட்டத்தில் எந்த ஒன்றும் தனியாகத் தலைதூக்க முடியாது. சின்ன அறையில் நாலைந்து மட்டும் இடைவெளி விட்டு நிற்பதால் ஒவ்வொன்றும் தனித்தனியாக உறுத்துகிறது.

இதோடு எங்கள் தவறும் சேர்ந்தது. இடத்தை அடைக்கக் கூடாது என்று இரண்டு ஸ்பீக்கரையும் அறையின் மூலைகளில் ஒட்டி வைத்திருந்தோம். பக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு சுவரும் தரையும் தாழ்ந்த ஒலியை 6 டெசிபெல் வரை கூட்டும், மூலையில் வைத்தால் எல்லாம் சேர்ந்துகொள்ளும். அப்பாவின் நாற்காலியோ பின்சுவரை ஒட்டி. இந்த அதிர்வுகள் சுவரோரத்தில்தான் உச்சத்தில் இருக்கும். பாவம், அவரை அலறலின் வாயிலேயே உட்காரவைத்திருக்கிறோம்.

விலை கூடிய ஸ்பீக்கரால்தான் இந்தப் பிரச்சினை பெரிதாகிறது என்பதைக் கவனியுங்கள். சின்னப் பெட்டியால் 80 அதிர்வை ஒழுங்காக எழுப்பவே முடியாது. எழுப்பாத ஒலியை அறை கெடுக்க முடியாது. பெரிய ஸ்பீக்கர் 40 வரை இறங்கும், அதற்குத்தான் பணம் கொடுத்தோம். அது இறங்கிப்போய் அறையின் உறக்கத்தைக் கலைத்துவிடுகிறது.

இதிலேயே மூன்றாவது புகாருக்கும் பாதி விடை இருக்கிறது. டூ-இன்-ஒன்னில் பேஸ் ஒலியே வராது என்றால் அப்பா அதில் பேஸ் வரியை எப்படிக் கேட்டார்?

இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒரு சுரம் தனியாக வருவதில்லை. 82 அதிர்வில் ஒருவர் பாடினால் 164, 246, 328 என்று அதன் மடங்குகளும் சேர்ந்தே வருகின்றன. அடியிலுள்ள 82ஐ எடுத்துவிட்டாலும், மேலே உள்ளவற்றின் இடைவெளியைப் பார்த்து மூளை அடிச்சுரத்தைத் தானே போட்டுக்கொள்கிறது. பழைய தொலைபேசி 300லிருந்து 3400 வரைதான் கடத்தியது. ஆண் குரலின் அடிச்சுரம் 100ஐ ஒட்டி இருப்பதால் அது கம்பியில் வரவே இல்லை. ஆனாலும் அப்பா பேசினால் அப்பா குரலாகத்தானே கேட்டது? அப்படித்தான் அந்தச் சின்ன டேப்பிலும். அடிச்சுரத்தை அப்பாவின் மூளை போட்டது. மூளை போட்டதால் ஏற்ற இறக்கம் இல்லாமல் எல்லாச் சுரமும் ஒரே அளவில் இருந்தது. அங்கே அறைக்கு வேலையில்லை.

மறுபாதி விடை, கேசட். மெல்லிய நாடா நொடிக்கு ஐந்து சென்டிமீட்டருக்கும் குறைவாக ஓடும் பதிவு அது. கூடவே ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் இருக்கும். உயர்ந்த ஒலிகளை அவ்வளவாக எழுப்பாத சின்ன ஸ்பீக்கர் பாட்டோடு சேர்த்து அந்த இரைச்சலையும் மறைத்துவிட்டது. நல்ல ஸ்பீக்கர் எதையும் மறைக்காது. பதிவில் இருக்கும் குறையை முன்னால் எடுத்து வைக்கும். நாம் அதை ஸ்பீக்கரின் குறை என்று நினைத்துக்கொள்வோம்.

இனி இரண்டாவது புகார், வார்த்தை தெளியவில்லை. இதற்கு ஒன்றுக்கு மேல் காரணம்.

எங்கள் அறையில் லாமினேட் தரை, வெற்றுச் சுவர், பெரிய கண்ணாடி ஜன்னல். ஸ்பீக்கரிலிருந்து நேராக வரும் ஒலிக்கு அடுத்த சில மில்லிநொடிகளில் சுவரிலும் தரையிலும் பட்ட ஒலி வருகிறது. ஒரு மில்லிநொடிக்கு ஒலி ஓரடிக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போகிறது என்று வைத்துக்கொண்டால் கணக்குப் போடலாம். அவ்வளவு நெருங்கி வருவதை நாம் எதிரொலியாகக் கேட்பதில்லை. மூளை இரண்டையும் ஒன்றாக்கி, முதலில் வந்த திசையிலிருந்து வருவதாகக் காட்டும். 1949இல் ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் இதை விரிவாக எழுதினார். ஒன்றாக்கினாலும் கலப்படம் கலப்படம்தான். வெற்று அறையில் கைதட்டினால் கணீரென்று ஒரு வால் நீளும். அந்த வால் ஒவ்வொரு மெய்யெழுத்தின் மேலும் படிகிறது.

அடுத்தது, இரண்டு ஸ்பீக்கர் என்பதே ஒரு கண்கட்டு வித்தை. 1931இல் ஆலன் புளூம்லைன் காப்புரிமைக்கு விண்ணப்பித்ததிலிருந்து வரும் ஸ்டீரியோ முறையில், நடுவில் நிற்கும் பாடகருக்கு அங்கே ஸ்பீக்கர் கிடையாது. இரண்டு பக்கமும் ஒரே ஒலியைக் கொடுத்து, நடுவில் ஒருவர் நிற்பதுபோல் மூளையை நம்பவைக்கிறோம். ஒவ்வொரு காதும் பக்கத்து ஸ்பீக்கரை முதலிலும், கால் மில்லிநொடி கழித்து எதிர்ப்பக்க ஸ்பீக்கரையும் கேட்கிறது. 2000 அதிர்வை ஒட்டிய ஒலிகளில் இந்தத் தாமதம் ஒன்றையொன்று அடிக்கிறது. பேச்சின் தெளிவுக்கு அந்தப் பகுதி முக்கியமானது. நடுவில் உட்கார்ந்தவருக்கே இது. ஒரு ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் ஜன்னலோரம் இருந்த அப்பாவுக்கு நடுப்பாடகரே இல்லை. எல்லோரும் இடப்பக்கப் பெட்டிக்குள் அடைந்துவிட்டார்கள்.

இன்னொன்று பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. எங்கள் வேலையில் கழுத்தில் தொங்கும் ஸ்டெதஸ்கோப்பைப் பார்த்திருப்பீர்கள். 1816இல் பாரிஸில் லென்னெக் ஒரு காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டதில் தொடங்கிய கருவி. இன்றைய கருவிகள் பலவற்றில் தலைக்கு இரண்டு பக்கம் உண்டு. தட்டையான பக்கம் மூச்சுச் சத்தம் போன்ற உயர்ந்த ஒலிகளுக்கு, குழிந்த பக்கம் இதயத்தின் சில தாழ்ந்த ஒலிகளுக்கு. ஒரே பக்கத்தால் இரண்டையும் நன்றாகப் பிடிக்க முடியாது. ஸ்பீக்கரும் அப்படித்தான். தாழ்ந்த ஒலிக்குப் பெரிய ஊஃபர், உயர்ந்த ஒலிக்குச் சின்ன ட்வீட்டர். இரண்டையும் கிராஸ்ஓவர் என்ற சுற்று தைக்கிறது. இரண்டு அங்கம் உள்ள பெட்டிகளில் அந்தத் தையல் பெரும்பாலும் 2000க்கும் 3000க்கும் இடையில் விழும். மனிதக் காது மிகக் கூர்மையாக இருப்பது 2000 முதல் 5000 வரை. சட்டையின் நெஞ்சுப் பக்கத்திலேயே தையல் வந்ததுபோல. தையல் எல்லையில் ஊஃபர் ஒலியை நேராக முன்னால் குவிக்கும், ட்வீட்டரோ எல்லாப் பக்கமும் விரிக்கும். நேரே வரும் ஒலி சரியாக இருந்தாலும் சுவரில் பட்டு வருவது வேறு நிறத்தில் இருக்கும். காது இரண்டையும் சேர்த்தே கேட்கும்.

இதை நிறுவியவர்களில் முக்கியமானவர் ஃபிளாய்ட் டூல். கனடாவின் தேசிய ஆய்வு மன்றத்தில், ஒட்டாவாவில், ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் வைத்துப் பலரைக் கேட்கவைத்தார். எது என்று தெரியாமல் கேட்டபோது பெரும்பாலோர் ஒத்துப்போனார்கள். எல்லாச் சுரத்தையும் சம அளவில் தந்து, பக்கவாட்டிலும் அதே நிறத்தில் ஒலித்த ஸ்பீக்கர்களையே விரும்பினார்கள். பிறகு அவரும் ஷான் ஆலிவும் ஹார்மன் நிறுவனத்தில் செய்து 1994இல் வெளியிட்ட சோதனையில், அந்த நிறுவன ஊழியர்களையே முதலில் மறைத்தும் பிறகு காட்டியும் கேட்கச் சொன்னார்கள். கண்ணால் பார்த்ததும் மதிப்பெண் மாறிவிட்டது. பெரிய, விலை கூடிய பெட்டிகள் ஏறின. சிறிய, மலிவானது இறங்கியது. ஒலி மாறவில்லை.

விலையில் மரவேலை இருக்கிறது, மெருகு இருக்கிறது, பெயர் இருக்கிறது. நல்ல ஒலியும் இருக்கலாம். விலையை மட்டும் வைத்து அதைச் சொல்ல முடியாது.

கடையில் ஏன் நன்றாக இருந்தது? அங்கே தடித்த விரிப்பும் திரையும் போட்ட அறை, சுவரைவிட்டு விலக்கி நிறுத்திய ஸ்பீக்கர், மிகச் சுத்தமான பதிவு. கொஞ்சம் சத்தமாகவும் வைத்தார்கள். 1933இல் ஃபிளெட்சரும் மன்சனும் பெல் ஆய்வகத்தில் கண்டு எழுதியது இது: சத்தம் குறையக் குறைய, தாழ்ந்த ஒலிகளைக் காது மற்றவற்றைவிட வேகமாக இழக்கிறது. எங்களுடையது வரிசை வீடு. சுவருக்கு அந்தப் பக்கம் கைக்குழந்தை. இந்தப் பக்கம் இரவுப் பணி முடித்துவந்து பகலில் தூங்கும் நான். கடையில் கேட்ட அளவில் நாங்கள் ஒரு நாளும் கேட்கப்போவதில்லை.

ஆக, ஸ்பீக்கர், அறை, இடம், பதிவு, சத்தத்தின் அளவு எல்லாம் பார்த்தாயிற்று. மிச்சம் இருப்பது காது.

அப்பாவைக் கேட்புத்திறன் சோதனைக்கு அழைத்துப்போனேன். 250லிருந்து 8000 வரை ஒவ்வொரு சுரமாகக் கொடுத்து, எப்போது கேட்கிறது என்று குறிப்பார்கள். தாழ்ந்த பக்கம் வயதுக்கு மிக நன்றாக இருந்தது. 3000க்கு மேல் கோடு சரிந்தது. வயதாகும்போது உயர்ந்த ஒலிகள்தான் முதலில் போகும். ச, ஸ, ஷ போன்ற எழுத்துகளின் கூர்மை அங்கேதான் இருக்கிறது. ஆகவே கணவர் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. பேஸ் வரி பற்றிய முதல் புகாருக்கு அதில் சம்பந்தமே இல்லை. அங்கே 78 வயதுக் காது எங்கள் நால்வரின் காதைவிடச் சரியாகக் கேட்டது. ‘வயதாகிவிட்டது’ என்ற ஒரே வார்த்தையில் மூன்றையும் மூடிவிட இருந்தோம். வார்டில் எத்தனை முதியவர்களின் புகாரை இந்த வார்த்தை மூடியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இதைப் பேச வந்தேன்.

என்ன செய்தோம் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், யாருக்காவது உதவலாம். ஸ்பீக்கர்களை மூலையிலிருந்து எடுத்து, சுவரிலிருந்து இரண்டடி முன்னால், ட்வீட்டர் காது மட்டத்துக்கு வரும்படி வைத்தோம். நாற்காலியைப் பின்சுவரிலிருந்து இரண்டரை அடி நகர்த்தி இரண்டுக்கும் நடுவில் போட்டோம். அலறல் அப்போதே பாதி அடங்கியது. தரையில் கம்பளம், ஜன்னலுக்குத் தடித்த திரை, பக்கச் சுவரில் ஊரிலிருந்து வந்த தமிழ்ப் புத்தகங்கள் நிறைந்த அலமாரி. இவை உயர்ந்த ஒலிகளின் கலப்படத்தைக் குறைக்கும். தாழ்ந்த ஒலியைத் திரை ஒன்றும் செய்யாது. 80 அதிர்வின் அலைநீளம் 14 அடி, அரை அங்குலத் துணியை அது கண்டுகொள்ளவே செய்யாது. அதற்கு இடம் மாற்றுவதுதான் வழி. மிஞ்சிய முழக்கத்தை ஆம்ப்ளிஃபயரின் ஈக்வலைசரில் அந்த ஒரு சுரத்தை மட்டும் குறைத்துச் சரிசெய்யலாம். காணாமல் போன சுரத்தை மட்டும் அப்படிக் கூட்டிக் கொண்டுவர முடியாது. சுவர்கள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் இடத்தில் எவ்வளவு ஊற்றினாலும் நிற்காது. இந்த மாற்றங்களுக்கு ஆன செலவு கம்பளத்துக்கும் திரைக்கும் கொடுத்ததுதான்.

வாங்கப்போகிறவர்களுக்கு ஒன்று. உங்களுக்குப் பழகிய பதிவைக் கொண்டுபோங்கள், வீட்டில் கேட்கும் அளவில் கேளுங்கள், முடிந்தால் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். திருப்பிக் கொடுக்கலாம் என்றால் மட்டும் வாங்கி, உங்கள் அறையில் வைத்து முடிவுசெய்யுங்கள்.

கடைசியில், அந்த கேசட். அது ஒற்றை மைக்கில் பதிந்த மோனோ. இரண்டு ஸ்பீக்கரில் போடுவதால் அதற்கு ஒரு லாபமும் இல்லை, நான் முன்பு சொன்ன அந்த 2000 அதிர்வுச் சண்டைதான் மிச்சம். ஆகவே ஒரு ஸ்பீக்கரை அணைத்துவிட்டு மற்றதை மட்டும் அப்பாவுக்கு நேர் எதிரே வைத்தோம். இரண்டுக்குப் பணம் கொடுத்து ஒன்றில் கேட்டோம்! 1960களின் தமிழ்த் திரைப்பாட்டுகளும் பெரும்பாலும் மோனோதான், நீங்களும் செய்துபாருங்கள்.

அப்பா பாட்டு முடியும்வரை கேட்டார். “இப்ப பேஸ் நேரா நடக்குகான்” என்றார். அம்மாவின் குரல் பற்றி நான்தான் கேட்டேன். மைக்கை ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்கள், ஆல்டோக்காரர்கள் பின்வரிசையில் நின்றார்கள் என்றார். பதிவில் விழாததை எந்த ஸ்பீக்கரும் எடுத்துத் தர முடியாது. எனக்கு அந்த வரி கேட்கவே இல்லை. அப்பா அடுத்த பாட்டில் ஓரிடத்தில் கையை லேசாக உயர்த்தி, “இந்தா, இங்க வாறா” என்றார். எனக்கு அப்போதும் கேட்கவில்லை. ஆனால் இந்த முறை அவர் காதைச் சந்தேகிக்கவில்லை.